வலி இல்லை என்றார் சரோஜா அக்கா

முப்பத்து நான்கு வயதில் பெயருக்கு முன்னால் ‘ஓய்வுபெற்ற’ என்று போட்டுக்கொண்டால் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வருகிறது. ஆனால் ஆம்புலன்ஸ் வேலையில் என்னை முந்திக்கொண்டு என் முதுகெலும்பு ஓய்வு கேட்டுவிட்டது. பதினோரு வருடம் ஸ்ட்ரெச்சர் தூக்கியதில் இடுப்புப் பக்கம் வட்டு ஒன்று பிதுங்கிவிட்டது. இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மேசை வேலை பார்க்கிறேன். யாரையும் தூக்க வேண்டியதில்லை.

போன மாதம் வண்டியில் இப்போது வேலை செய்யும் இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். காகிதப் படிவம் போய் டேப்லெட் வந்துவிட்டதாம். காயத்துக்கு ஏற்ற கேள்விகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் தொட்டால் பச்சையாகும். எல்லாம் பச்சையானால்தான் அடுத்த பக்கம். “அக்கா, நீங்கதான் லிஸ்டு போடுறதுல கெட்டிக்காரியாம்ல. இதுல எதும் விட்டுப்போயிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க” என்று நீட்டினார்கள். முழுவதும் பார்த்தேன். மூச்சு, ரத்தம், எலும்பு, தலை, எல்லாம் இருந்தன. ஒன்றை மட்டும் காணவில்லை. அதை ஒரு வரியில் சொன்னால் அவர்களுக்குப் புரியாது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் எம்.ரெட்டியபட்டி. செவிலியர் பட்டயம் முடித்து, அவசர சிகிச்சைப் பயிற்சிக்குப் போனேன். அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தினோம். ஒருவர் கையை ஒருவர் கட்டினோம். சிவப்பு மையை ரத்தம் என்று நினைத்துக்கொண்டோம். நான் நன்றாக மார்க் வாங்கினேன். நெற்றியிலிருந்து கால்விரல் வரை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

நிஜமான ரத்தம் ஒரு விஷயத்தில் மையிலிருந்து வேறுபட்டது. அதைச் சுற்றி முப்பது பேர் நிற்பார்கள். திருச்சுழி ரோட்டில் என் முதல் வாரம் அது. ஷேர் ஆட்டோவும் பைக்கும் மோதி, பைக் ஓட்டியவர் தார் ரோட்டில் கிடந்தார். நாங்கள் போய் இறங்கும்போது ஒருவர் அவரது தோளைப் பிடித்து நிமிர்த்தி உட்காரவைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் சோடா பாட்டிலை வாயில் வைக்கப் போனார். நான் “தொடாதீங்க, தள்ளுங்க” என்று கத்தினேன். ஒருவரும் தள்ளவில்லை. “நீ சின்னப்பிள்ள, ஒனக்கென்ன தெரியும், மொதல்ல தண்ணி குடுக்கணும்” என்றார் சோடாக்காரர்.

வண்டி ஓட்டி வந்த முனியசாமி அண்ணன்தான் காப்பாற்றினார். “ஏண்ணே, சோடாவ இங்கிட்டுக் குடுங்க. நீங்க குடையப் புடிங்க, வெயிலு மூஞ்சில அடிக்குது. தம்பி, நீ அந்த வளைவுல நின்னு லாரிய நிப்பாட்டு. நீங்க அவரு செருப்பத் தேடுங்க.” ஒரு நிமிடத்தில் கூட்டம் வேலைக்குப் போய்விட்டது. நான் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, காதிலிருந்து எதுவும் வடிகிறதா, இரண்டு கண்மணியும் ஒரே அளவா, பேச்சு குழறுகிறதா என்று என் வரிசைப்படி பார்த்தேன். சோடாவை அண்ணன் திரும்பி வரும்போது குடித்தார். உதவி செய்ய வந்தவர்களை விரட்டாதே, அவர்களுக்கு வேலை கொடு. என் நோட்டில் நானாக எழுதிக்கொண்ட முதல் வரி இதுதான். எழுதியதோடு சரி. அதன் முழு அர்த்தம் புரிய எட்டு வருடம் ஆனது.

எங்கள் பகுதிப் பொறுப்பாளர் பாண்டியராஜன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. வண்டியில் ஏறுமுன் எங்கள் மருந்துப் பையிலிருந்து ஏதாவது ஒரு பொருளை எடுத்து மறைத்துவிடுவார். சில நாள் முக்கோணக் கட்டு, சில நாள் கத்தரிக்கோல். என்ன குறைகிறது என்று நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் ஒன்றும் சொல்லாமல் மேசை டிராயரைத் திறந்து அந்தப் பொருளை எடுத்து நீட்டுவார். கண்டுபிடிக்காவிட்டாலும் அப்படியேதான் நீட்டுவார், அதுதான் தாங்காது. போனில் ‘ஹலோ’ சொல்ல மாட்டார். எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். நாம்தான் சொல்லிக்கொண்டு போக வேண்டும். அடிபட்டவரை ‘கேஸ்’ என்று சொன்னால் மட்டும் குறுக்கிடுவார். “கேஸு கோர்ட்டுல இருக்கும் தாயி. ஒன் வண்டில இருக்கறது ஆளு. பேரு என்ன?”

ஒருமுறை பரளச்சிப் பக்கம் காட்டுக்குள் போனோம். சீமைக்கருவேலம் வெட்டும் இடத்தில் அடிமரம் உருண்டு ஒரு கூலிக்காரரின் முன்னங்கையில் விழுந்திருந்தது. எலும்பு முறிந்தது பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் கை அசையாமல் கட்டப்பட்டிருந்தது. இரண்டு பனை மட்டைகள், நடுவில் தலைத்துண்டு மடித்து வைத்து, முழங்கைக்கு மேலேயும் மணிக்கட்டுக்குக் கீழேயும் தாண்டிப் போகிற அளவு. மட்டையின் இரு ஓரத்திலும் ரம்பம் போல இருக்கும் கருக்கை யாரோ சுத்தமாகச் சீவியிருந்தார்கள்.

“இது யாரு கட்டுனது?”

அவரோடு வேலை பார்த்த பெண் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். “நாந்தேன் கட்டுனேன். தப்பா? ஆட்டுக்கு இப்பிடித்தேன் கட்டுவோம்.”

என் பையில், முறிந்த கை அசையாமல் வைத்துக் கட்டும் புது அட்டைச் சிம்பு இருந்தது. படிவத்தில் ‘சிம்பு வைக்கப்பட்டது’ என்ற கட்டமும் காலியாக இருந்தது. பிரித்துவிட்டு என்னுடையதைப் போட்டுவிடலாமா என்று சாருக்குப் போன் செய்தேன். மட்டையின் நீளத்தைக் கேட்டார். விரல் நுனி சிவப்பாக, சூடாக இருக்கிறதா என்று கேட்டார். நகத்தை அழுத்திவிட்டால் உடனே நிறம் திரும்புகிறதா என்று கேட்டார். எல்லாம் சரி என்றேன். “பிரிக்காத தாயி. ஒன்னயவிட நல்லாக் கட்டிருக்காக. அவுக பேரையும் படிவத்துல எழுது” என்றார். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கட்டோடு படுத்திருந்தவர், “அப்ப நானும் ஆடுதான்னு ஆயிருச்சு” என்றார்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் நான் செய்த தவறைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

பாளையம்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடம். ஆறு தறிகள். நடத்துபவர் ஜெகநாதன். அவர் மனைவி சரோஜாவும் தறி ஓட்டுவார். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். என் எட்டாவது வருடத்தில் அங்கே ஒரு அழைப்பு வந்தது. கூடத்தில் வேலை செய்த ஒருவருக்கு உள்ளங்கை கிழிந்திருந்தது. ஜெகநாதன் அதில் காபித்தூளை அள்ளி அமுக்கியிருந்தார். அதைக் கழுவி எடுக்க எனக்கு வெகுநேரம் ஆனது. கழுவிக்கொண்டே சத்தம் போட்டேன். “புண்ணா டம்ளரா இது? அடுத்து சீனியும் பாலும் ஊத்துவீங்களா? இவரு கைய இப்படி விட்டா நாளைக்கு விரலையே எடுக்கணும். சுத்தமான துணியை வச்சு அமுக்குங்க, அவ்வளவுதான். வேற எதையும் பண்ணாதீங்க!”

தறிக்கூடத்துப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஜெகநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னதில் மருத்துவ முறைப்படி ஒரு பிழையும் இல்லை. வண்டியில் ஏறும்போது, நல்ல பாடம் நடத்தினோம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து, மே மாதத்தில், மறுபடியும் அதே கூடத்திலிருந்து அழைப்பு. இந்த முறை சரோஜா. ஓடுகிற தறியில் பல்சக்கரத்தில் சுற்றிய நூலை இழுக்கப் போய், வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சக்கரத்துக்குள் போய்விட்டன. நாங்கள் போகும்போது மணி பன்னிரண்டே முக்கால். தறிகள் நின்றிருந்தன. சரோஜா அக்கா நாற்காலியில் கையை நெஞ்சோடு தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். கை முழுவதும், விரல் நுனி வரை, வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. புதுத் துணி. காபித்தூள் இல்லை, மஞ்சள் இல்லை. ரத்தக் கசிவும் நின்றிருந்தது.

“இப்பத்தான் அடிபட்டுச்சா?”

“ஒரு அரமணி நேரம் இருக்கும் மேடம்” என்றார் ஜெகநாதன். “நீங்க சொன்ன மாதிரியே சுத்தமான துணிதான் வச்சேன்.”

“பாத்தீங்களா, இப்படித்தான் இருக்கணும்” என்றேன்.

துணியின் ஓரத்துக் கறை பழுப்பாகக் காய்ந்திருந்தது. மே மாத வெயிலில் எதுவும் சீக்கிரம் காயும் என்று நினைத்துக்கொண்டேன். ரத்தம் நின்றிருந்தால் முதலில் வைத்த துணியைப் பிரிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. பிரித்தால் உறைந்தது பெயர்ந்து மறுபடி கொட்டும். விதிப்படி பிரிக்கவில்லை. கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் போனில் சொன்னேன். விரல் நசுங்கியது என்றதும் நேராக மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குக் குறையாத பயணம். சரோஜா அக்காவைப் படுக்கவைத்து, கையைத் தலையணை மேல் உயர்த்தி, ரத்த அழுத்தம் பார்த்து, நாடி பார்த்து, ஒவ்வொன்றாகக் குறித்தேன்.

“வலி எப்படி இருக்குக்கா?”

“மொதல்ல உசுரு போச்சு. இப்ப வலியே இல்ல மேடம். கை மரத்துக் கெடக்கு.”

“நல்லது” என்று சொல்லி, ‘வலி: இல்லை’ என்று எழுதினேன். இதை எழுதிய கை என்னுடையதுதான். சக்கரத்தில் நசுங்கிய விரலில் வலி இல்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை என்பது முதல் வருட மாணவிக்கும் தெரியும். சுத்தமான துணியைப் பார்த்த மகிழ்ச்சியில் எனக்கு அது தெரியவில்லை.

காரியாபட்டி நெருங்கும்போது வழக்கப்படி சாருக்குப் போன் செய்தேன். மௌனம். சொல்லிக்கொண்டே போனேன். முடித்ததும் கேட்டார்.

“நகம் என்ன நெறம்?”

“துணி மூடியிருக்கு சார். ரத்தம் நின்னுருச்சு, அதனால பிரிக்கல.”

“ரெண்டு வெரலு நசுங்கிருக்கு. வெறும் துணிக்கு அவ்வளவு சீக்கிரம் எப்பிடித் தாயி நின்னுச்சு? நீ போறதுக்கு முன்னாடி அவுக என்ன பண்ணாகன்னு கேட்டியா?”

கேட்கவில்லை. அதைக் கேட்கும் கட்டம் எதுவும் படிவத்தில் இல்லை.

எதிர் இருக்கையில் இருந்த ஜெகநாதனிடம் திரும்பினேன். “வேற எதாவது பண்ணீங்களா?” என்றேன். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, போலீஸ் கேட்பதுபோல.

“ஒண்ணும் பண்ணல மேடம். துணி மட்டுந்தான்.”

சரோஜா அக்கா கணவரைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டி மறுத்தார். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் அவருடைய பார்வை தரைக்குப் போனதே, அது எனக்குத் தெரிந்த பார்வை. தறிக்கூடத்தில் பெண்கள் சிரித்தபோதும் இப்படித்தான் தரையைப் பார்த்தார்.

பேனாவை வைத்துவிட்டு, இருக்கையை விட்டு இறங்கி, அவர் முகத்துக்கு நேராகக் கீழே உட்கார்ந்தேன்.

“அண்ணே, அன்னைக்குக் காபித்தூளுக்கு நான் உங்களை எல்லார் முன்னாடியும் பேசினது தப்பு. ரத்தம் நிக்கணும்னுதான நீங்க போட்டீங்க. இன்னைக்கும் நிக்கணும்னுதான் ஏதோ பண்ணிருப்பீங்க. என்னன்னு சொன்னாத்தான் அக்காவோட விரலை நான் பாக்க முடியும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

சரோஜா அக்காதான் தமிழுக்கு மாறினார். “வெரலு எனக்குப் போகுதா, மானம் இவருக்குப் போகுதா? நூலு கட்டுனாரு மேடம். தறியில ஓடுற பாவு நூல எடுத்து ரெண்டு வெரலுக்கும் அடியில இறுக்கிக் கட்டுனாரு. நீங்க திட்டுவீகன்னுதேன் துணிய மேல சுத்துனாரு.”

“எப்பக் கட்டினீங்க?”

“பதினோரு மணிக்கு” என்றார் ஜெகநாதன், அழுகிற குரலில். “ரத்தம் நின்னுருச்சேன்னு அப்பிடியே இருந்துட்டோம். வெரலு வீங்கி மரத்ததுக்கு அப்பறந்தான் போன் பண்ணோம்.”

அப்போது மணி ஒன்றரை. தறிக்காரர் கையில் எப்போதும் இருக்கும் பொருள் நூல். விரலில் சின்னக் கீறல் என்றால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேலையைத் தொடர்வது அவர்கள் வழக்கம். கீறலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மெல்லிய நூல் இறுகினால் துணிக்கட்டுபோல அழுத்துவதில்லை. சதைக்குள் போய்விடும். விரல் வீங்க வீங்க நூல் இன்னும் இறுகும், கண்ணுக்கும் தெரியாது. ரத்தம் வெளியே வராது, உள்ளேயும் போகாது.

முனியசாமி அண்ணன் வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். மருத்துவரிடம் மறுபடி பேசினேன். அழுத்துவதற்குத் துணியைத் தயாராக வைத்துக்கொண்டு நூலை வெட்டச் சொன்னார். துணியைப் பிரித்தேன். இரண்டு விரல்களும் நாவல்பழ நிறம். நடுவிரலின் நுனி தட்டையாகியிருந்தது. தொட்டேன், குளிர்ந்திருந்தது. நூலைக் காணவில்லை. விரலடியில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது.

நடுவிரலில் இடுக்கியின் முனையைப் பள்ளத்தில் விட்டு நூலைத் தூக்கி வெட்டினேன். ரத்தம் வந்தது. அழுத்திப் பிடித்தேன். சரோஜா அக்கா அலறினார். அந்த அலறல் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை அவரிடம் அப்போது சொல்ல முடியவில்லை. ஆள்காட்டி விரலிலும் அதேபோல ஒரு நூலை எடுத்து வெட்டினேன். காத்திருந்தேன். நிறம் மாறவில்லை. வலிக்கிறதா என்றேன். இல்லை என்றார்.

வெட்டியாகிவிட்டது, இனி என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஜெகநாதன் தொண்டையைச் செருமினார். “மேடம், அந்த வெரல்ல ரெண்டு தடவ கட்டுனேன். மொதக் கட்டுல நிக்கல. ரெண்டாவத அதுக்குக் கீழ கட்டுனேன்.”

அவர் கையில் உறை மாட்டிவிட்டேன். ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்த ஒன்றை விரலால் தடவியே கண்டுபிடிக்கிறவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு மனைவியின் விரலடியைத் தடவினார். “இங்க இருக்கு. முடிச்சு உள்பக்கம்.” அவர் காட்டிய இடத்தில் இடுக்கியை விட்டேன். இரண்டாவது நூல் வந்தது. வெட்டினேன். கொஞ்ச நேரத்தில் விரலடியிலிருந்து மேலே மெதுவாகச் சிவப்பு ஏறியது. சரோஜா அக்கா தெலுங்கில் கணவரைத் திட்டத் தொடங்கினார். அவர் தலையை ஆட்டி ஆட்டி ஒப்புக்கொண்டார். நூல் கட்டிய நேரம், வெட்டிய நேரம் இரண்டையும் படிவத்தின் ஓரத்தில் எழுதி மதுரையில் கொடுத்தேன்.

எனவே அந்த இரண்டு பெண்களுக்கும் நான் சொல்வது இதுதான். நீங்கள் போவதற்கு முன் அங்கே இருந்தவர்கள் ஏதாவது செய்திருப்பார்கள், சும்மா இருந்திருக்க மாட்டார்கள். என்ன செய்தார்கள், எப்போது செய்தார்கள், எத்தனை முறை செய்தார்கள் என்று கேளுங்கள். கைகால் எதில் கட்டு இருந்தாலும் அதைத் தாண்டிய நுனியைப் பாருங்கள்: நிறம், சூடு, உணர்ச்சி, அசைவு. வலி குறைந்தால் ஏன் என்று கேளுங்கள். நீங்கள் ஒருமுறை திட்டிய வீட்டில் அடுத்த முறை உங்களுக்குப் பொய்தான் கிடைக்கும். அந்தப் பொய் சுத்தமான வெள்ளைத் துணியாகக்கூட இருக்கும்.

மதுரையில் ஆள்காட்டி விரலைக் காப்பாற்றிவிட்டார்கள். நடுவிரலில் மேல் கணுவை எடுக்க வேண்டியிருந்தது. ஒன்றரை மாதம் கழித்து, எனக்கு விடுமுறை கிடைத்த ஒரு நாள் காலையில் தறிக்கூடத்துக்குப் போனேன். தறிகள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. சரோஜா அக்கா சேலைக்கு நூல் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெகநாதன் நாற்காலி போட்டார். டீ வந்தது. நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“மேடம், ஒண்ணு கேக்கணும். அந்தக் கணு போனது நூலாலயா?”

“டாக்டரே அதைப் பிரிச்சுச் சொல்லலண்ணே. சக்கரம் நசுக்கினதும் இருக்கு, நூலும் இருக்கு. எனக்குத் தெரியாது.”

அவர் தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை.

“நூலைக் கட்டினது நீங்க. ஆனா இதே இடத்துல நின்னு உங்ககிட்டக் கேட்டிருக்க வேண்டியது நான். கேட்காம அரை மணி நேரம் வண்டியில உக்காந்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தை நீங்க சுமக்காதீங்க. அது என்னோடது.”

அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப ஒங்களுக்கும் தூக்கம் வரலையா?”

“வரலண்ணே.”

“நல்லாருக்கு போங்க” என்றார் சரோஜா அக்கா, தறிப் பக்கமிருந்து. “வெரலு போனவ நல்லாத்தான் தூங்குறேன். ஒங்க ரெண்டு பேருக்கும் என்ன வந்துச்சு?”

அவர் தறியில் ஒரு இழை அறுந்திருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு முனையையும் பிடித்தார். நழுவியது. ஜெகநாதன் எழுந்தார். சரோஜா அக்கா அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவர் உட்கார்ந்துவிட்டார். அக்கா மறுபடி பிடித்தார், மறுபடி நழுவியது. மூன்றாவது முறை முடிச்சு நின்றது. மிஞ்சிய நுனியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, சுவிட்சைப் போட்டார். அதற்குப் பிறகு அங்கே யாரும் பேசினால் கேட்காது.